தொடக்கப் பள்ளியில் மதுவையும் போதைப் பொருள்களையும் பற்றிக் கற்பித்தல்: வகுப்பாசிரியருக்கான முழுமையான வழிகாட்டி

"குடித்தால் ஈரல் கெட்டுப்போகும், ஈரல் கெட்டால் உயிர் போய்விடும்" என்று நான்காம் வகுப்பில் நான் சொல்லி முடித்தபோது, கடைசி வரிசையிலிருந்த ஒரு சிறுமி எழுந்து, "அப்போ எங்கப்பா செத்துப்போயிடுவாரா டீச்சர்?" என்று கேட்டாள். நான் சொன்ன செய்தியில் பிழை இல்லை. யார் முன்னால் சொல்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்காமல் சொன்னதுதான் பிழை. அன்று மாலை அந்தச் சிறுமி வீட்டுக்குப் போனது, அப்பாவைப் பற்றிய ஓர் அச்சத்தோடுதான். தன்னைக் காத்துக்கொள்ள உதவும் அறிவு எதையும் அவள் என் பாடத்திலிருந்து பெறவில்லை.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளைக் கையாளும் ஆசிரியர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. மதுவின் சில்லறை விற்பனையை 2003 நவம்பர் முதல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகமே நடத்திவரும் மாநிலம் நம்முடையது; எனவே பிள்ளைகள் பலருக்கு மதுக்கடை என்பது பள்ளிக்கு வரும் வழியிலுள்ள கடைகளுள் ஒன்று. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் கிடைக்கும் திட்டம் நடப்பிலுள்ள ஊர்களில், ஏழு பாட்டிலுக்கு எவ்வளவு என்று கேட்டால் ஏழாம் வாய்ப்பாடு தெரியாத பிள்ளையும் எழுபது என்று சொல்லிவிடும். இத்தகைய பிள்ளைகளிடம், எதுவும் அறியாதவர்களிடம் பேசுவதுபோலப் பேசினால் பாடம் ஒட்டாது. எந்த முறையைத் தேர்ந்தாலும், பாடத்தின் ஒவ்வொரு வாக்கியமும் மாலையில் பிள்ளையோடு வீட்டுக்குப் போகும் என்பதை மட்டும் மறக்காமலிருக்க வேண்டும்.

முதல் படி: பாடத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகச் செய்ய வேண்டியவை

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, பாடத்தின் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பின்னால் ஒரு பெற்றோர் வந்து "என் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுத்தீர்கள்?" என்று கேட்கும்போது இந்த ஒரு பக்கம் மிகவும் உதவும். பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டம் அந்த மாதத்தில் இருந்தால் அங்கும் ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது.

அடுத்து, வகுப்புப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தெந்தப் பிள்ளையின் வீட்டில் குடி உண்டு, யாருடைய உறவினர் குடியால் இறந்தார், யாருடைய குடும்பம் பீடி சுற்றியோ மதுக்கூடத்தில் வேலை பார்த்தோ பிழைக்கிறது என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். இதைத் தாளில் எழுத வேண்டாம், மனத்தில் இருந்தால் போதும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச் சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; அதுபோன்ற இழப்பு நேர்ந்த ஊரில் இந்தப் பாடத்தை எடுப்பவர், தன் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை அன்றைக்கு அப்பாவை இழந்த பிள்ளையாக இருக்கலாம் என்று எண்ணித்தான் வாயைத் திறக்க வேண்டும்.

மூன்றாவது, சொற்கள். "குடிகாரன்", "கஞ்சா குடிக்கி" போன்ற வசைகள் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது, பிள்ளைகள் சொன்னாலும் மென்மையாகத் திருத்த வேண்டும். "குடிப்பழக்கம் உள்ளவர்", "குடியால் நோய்ப்பட்டவர்" என்று சொல்லிப் பழகுங்கள். குடிப்பவர் கெட்டவர் என்ற தீர்ப்பைக் கேட்கும் பிள்ளை, அப்பாவை வெறுப்பதா ஆசிரியரை நம்பாமலிருப்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படும். பெரும்பாலான பிள்ளைகள் ஆசிரியரைத்தான் கைவிடுவார்கள், அதில் குற்றம் சொல்லவும் முடியாது.

இரண்டாம் படி: நாம் வழக்கமாகச் செய்பவற்றில் சிலவற்றை விட்டுவிடுதல்

ஜூன் 26 சர்வதேசப் போதைப்பொருள் எதிர்ப்பு நாள். அன்று உறுதிமொழி, பேரணி, பதாகை, மண்டையோட்டுப் படம் என்று எல்லாம் நடக்கும். சுற்றறிக்கை வந்தால் நடத்தத்தான் வேண்டும், நடத்துங்கள். ஆனால் அதையே பாடம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1983-இல் தொடங்கி நாடு முழுவதும் பரவிய "டேர்" என்ற திட்டத்தில், சீருடை அணிந்த காவலர்களே வகுப்புக்கு வந்து போதையின் தீமைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். பெற்றோரும் அரசியலாளரும் அதைப் பெரிதும் விரும்பினார்கள், செலவும் கணக்கின்றி நடந்தது. ஆனால் 1990-களில் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, அந்த வகுப்பில் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் இடையே போதைப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. போதைப்பொருள் தடுப்புப் பணிக்காக ஐக்கிய நாடுகளின் அலுவலகம் 2013-இல் வெளியிட்டு 2018-இல் புதுப்பித்த நெறிமுறைகளும், அச்சமூட்டுவதும் செய்திகளை மட்டும் அடுக்குவதும் பயன் தருவதில்லை என்றே கூறுகின்றன.

எனவே சில வழக்கங்களைத் துணிந்து விடலாம். கெட்டுப்போன ஈரலின் படத்தையும் வாய்ப்புற்றுப் படத்தையும் எட்டு வயதுப் பிள்ளைக்குக் காட்ட வேண்டாம். போதையிலிருந்து மீண்டவரை அழைத்துவந்து கதை சொல்ல வைப்பதும் இந்த வயதுக்கு ஏற்றதன்று. அவர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு பேசினாலும், பிள்ளைகளின் நினைவில் தங்குவது அவர் செய்த சாகசங்களே. தள்ளாடிக்கொண்டு வரும் அப்பா, அழும் அம்மா என்று ஆண்டு விழாவில் நாம் போடும் நாடகத்தை முதலில் நிறுத்த வேண்டும். கூட்டம் சிரிக்கும், கைதட்டும். அதே காட்சியை நேற்றிரவு வீட்டில் பார்த்த பிள்ளை ஒன்றும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்.

முட்டையின் வெள்ளைக்கருவில் சாராயத்தை ஊற்றி, அது வெளுத்து உறைவதைக் காட்டி, "உன் மூளையும் இப்படித்தான் ஆகும்" என்று சொல்லும் செய்முறையும் சில இடங்களில் உண்டு. இது உண்மையன்று. குடிப்பவரின் இரத்தத்தில் சேரும் ஆல்கஹால், அவ்வாறு புரதத்தை உறைய வைக்கும் செறிவில் இருப்பதில்லை. கூரிய பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பா வழக்கம்போல் பேசுவதையும் கணக்குப் பார்ப்பதையும் கண்டு, டீச்சர் பொய் சொன்னார் என்று முடிவு செய்யும். அதன்பின் நாம் சொல்லும் உண்மைகளும் அதன் காதில் ஏறாது.

மூன்றாம் படி: ஒன்று, இரண்டாம் வகுப்புகள் — வாயில் எதை வைக்கலாம்?

இந்த வயதில் மது என்ற சொல்லே தேவையில்லை. தெரியாத எதையும் கேட்காமல் வாயில் வைக்கக் கூடாது, மோந்து பார்க்கக் கூடாது, கையால் தொடவும் கூடாது என்ற ஒரு விதி நன்றாகப் பதிந்தால் போதும். இருபது நிமிடப் பாடம், ஒரு மேசை, சில பொருள்கள்: வாழைப்பழம், தண்ணீர் பாட்டில், கழுவிய காலி மருந்துப் புட்டி, சோப்பு, நிறமேற்றிய நீர் நிரப்பிய குளிர்பான பாட்டில். ஒவ்வொன்றையும் காட்டி "இதைச் சாப்பிடலாமா?" என்று கேளுங்கள். குளிர்பான பாட்டில் வரும்போது வகுப்பே "சாப்பிடலாம்" என்று கத்தும். அப்போது, அதில் இருப்பது குளிர்பானம்தான் என்று எப்படித் தெரியும் எனக் கேளுங்கள். நம் வீடுகளில் மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, பாதி மிச்சம் வைத்த மது எல்லாம் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கப்படுவதுண்டு. தாகத்தில் எடுத்துக் குடித்துவிடும் பிள்ளைகளுக்கு நேரும் கேடு நாம் அறியாததன்று. சிறு பிள்ளையின் உடலில் சிறிதளவு மது சேர்ந்தாலும் இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்கி வலிப்பு வரலாம் என்பதை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். அவ்வாறு நேர்ந்தால் 108-ஐ அழைக்க வேண்டும், வாந்தி எடுக்க வைக்க முயலக் கூடாது, பாட்டிலையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

இதே பாடத்தில் மாத்திரையைப் பற்றிச் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. நம் பள்ளிகளில் குடற்புழு நீக்க மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் நாமே கொடுக்கிறோம். "மாத்திரை ஆபத்து" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டால், அடுத்த வாரம் பிள்ளைகள் அந்தக் குடற்புழு மாத்திரையை வாயில் அடக்கிக்கொண்டு வெளியே போய்த் துப்பிவிடுவார்கள். எனவே, "யார் கொடுக்கிறார், யாருக்காகக் கொடுக்கிறார், எவ்வளவு கொடுக்கிறார்" என்ற மூன்று கேள்விகளைக் கற்றுக்கொடுங்கள். மருத்துவர் சொல்லி, அம்மாவோ செவிலியரோ ஆசிரியரோ கொடுத்தால் மருந்து. பாட்டிக்குத் தந்த சர்க்கரை மாத்திரையைப் பேரன் விழுங்கினால் அதுவே நஞ்சு.

நான்காம் படி: மூன்றாம் வகுப்பு — உடல் எப்படி வேலை செய்கிறது?

மூன்றாம் வகுப்பில் போதையைப் பற்றிப் பேசுவதைவிட, உடலைப் பற்றி வியப்பு உண்டாக்குவதே பயன்தரும். காக்கத் தக்க பொருள் தன்னிடம் இருக்கிறது என்று அறிந்த பிள்ளைக்குத்தான் அதைக் காக்கத் தோன்றும். நான் செய்து பார்த்தவற்றில் மூன்று செய்முறைகள் நன்றாக வேலை செய்கின்றன.

முதலாவது புனல். சமையலறைப் புனல் ஒன்றைப் பாட்டிலில் பொருத்தி, அதில் டம்ளரால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்; எல்லாம் உள்ளே போகும். பிறகு ஒரே மூச்சில் கவிழ்க்கச் சொல்லுங்கள்; தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழியும். நம் உடலில் ஈரல் அந்தப் புனலைப் போன்றது, உணவோடும் மருந்தோடும் வரும் வேண்டாதவற்றை ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் அதனால் மாற்றியமைக்க முடியும் என்று சொல்லுங்கள். பெரியவர்களுக்கு ஈரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது என்று சொல்லி, அதே எடைக்கு அரிசிப் பையைக் கையில் கொடுத்துப் பார்க்கச் செய்தால் பிள்ளைகளுக்கு மறக்காது. ஆசிரியர் மட்டும் அறிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று: 180 மில்லிலிட்டர் குவார்ட்டரில் 42.8 விழுக்காடு ஆல்கஹால் என்றால் அதில் தூய ஆல்கஹால் 77 மில்லிலிட்டர், எடையில் 60 கிராமுக்குச் சற்று மேல். ஈரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் வரைதான் சிதைக்கும். ஆகவே முழுவதும் தீர ஆறு முதல் எட்டு மணி நேரம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். "ராத்திரி குடிச்சது, காலையிலயும் ஏன் டீச்சர் வாடை வருது?" என்று ஒரு பிள்ளை கேட்கும்போது, புனலைக் காட்டி விடை சொல்லலாம். மோரோ காப்பியோ குடித்தால் அந்த வேகம் கூடாது.

இரண்டாவது அளவுகோல் செய்முறை. ஒரு பிள்ளை 30 செ.மீ. அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து விட, இன்னொரு பிள்ளை இரு விரலால் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. விழுந்தபின் பிடித்தால் அதற்கு ஆன நேரம் ஏறத்தாழ 0.2 நொடி. பிறகு, எட்டாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டே பிடிக்கச் சொல்லுங்கள். அளவுகோல் இன்னும் கீழே நழுவும். கண் பார்த்து, மூளை சொல்லி, கை பிடிக்க நேரம் ஆகிறது, மூளை வேறெதிலாவது சிக்கியிருந்தால் அந்த நேரம் நீள்கிறது என்று பிள்ளைகளே கண்டுகொள்வார்கள். குடித்தவர் வண்டி ஓட்டக் கூடாது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

மூன்றாவது, மண் தரையில் கோடு கிழித்து, ஐந்து சுற்றுச் சுற்றிவிட்டு அதன்மேல் நடக்கச் சொல்வது. தலையின் பின்பக்கம் உள்ள சிறுமூளைதான் நம்மைச் சாயாமல் நிறுத்துகிறது என்பதையும், காதுக்குள் இருக்கும் உறுப்பு அதற்குச் செய்தி அனுப்புகிறது என்பதையும் இங்கே சொல்லலாம். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு: யாராவது ஒரு பிள்ளை தள்ளாடி நடித்து, "டேய், இவங்கப்பா மாதிரிடா" என்று சொல்லிவிடும். அப்படிச் சொல்லக்கூடிய வகுப்பு என்று தெரிந்தால் இந்தச் செய்முறையை விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: நான்கு, ஐந்தாம் வகுப்புகள் — பெயர் சொல்லிப் பேசுதல்

ஒன்பது, பத்து வயதில் பிள்ளைகள் பெயர்களை அறிந்தே வருகிறார்கள். இருந்தாலும், பெயர்ப் பட்டியலைக் கரும்பலகையில் நாம் எழுதக் கூடாது. அவர்கள் அறிந்ததை அவர்களே சொல்லட்டும். ஒரு காலி சாக்பீஸ் பெட்டியைக் கேள்விப் பெட்டியாக வைத்து, பெயர் எழுதாமல் எதை வேண்டுமானாலும் கேட்டு எழுதிப் போடச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்துத் தனியாக உட்கார்ந்து படித்துவிட்டு, அதிலிருந்து பாடத்தை அமையுங்கள். சில ஊர்களில் கேள்விகள் பாக்கையும் குட்காவையும் சுற்றியே இருக்கும். சில ஊர்களில் கள். கரையோர ஊரிலும் மலையூரிலும் கேள்விகள் ஒன்றாக இரா.

புகையிலையைப் பொறுத்தவரை, பள்ளி வாசலருகே சிறு பொட்டலங்களாகக் கிடைப்பவைதான் இந்த வயதுக்கு உடனடியான ஆபத்து. குட்காவும் புகையிலை கலந்த பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. ஆனாலும் ஹான்ஸ், கூல் லிப் போன்ற புகையிலைப் பொட்டலங்களின் பெயர்களைக் கேள்விப்படாத ஐந்தாம் வகுப்பு அரிது. வாயில் அடக்கி வைக்கும் புகையிலையிலிருந்து நிக்கோடின் வாயின் மெல்லிய தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்து மூளைக்குச் செல்கிறது. மீண்டும் வேண்டும் என்று மூளை கேட்கத் தொடங்குவதுதான் அடிமைப்படுவது என்று சொல்லுங்கள். புகையிலை கலவாத வெறும் பாக்கும் தொடர்ந்து மென்றால் வாயின் உள்தோலை இறுகச் செய்து, வாயைத் திறக்க முடியாமல் ஆக்கும். கையின் மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பார்க்கச் சொன்னால், திறக்கும் வாயின் அருமை தெரியும். வெற்றிலை பாக்குப் போடும் பாட்டியைக் குற்றவாளி ஆக்காமல் இதைச் சொல்வது சற்றுத் திறமை வேண்டும் வேலை.

மதுவை விளக்குவதற்குப் பனைமரம் உள்ள ஊர்களில் நல்ல வழி ஒன்றுண்டு. பதநீரும் கள்ளும் ஒரே பாளையிலிருந்து வடிவதுதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது புளிக்காமல் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் காற்றிலும் பாளையிலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிடும். கள் இறக்குவது 1987 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது என்பதையும், கள்ளச் சாராயத்தில் கலக்கும் மெத்தனால் வேறொரு பொருள் என்பதையும், அது உடலுக்குள் பார்மிக் அமிலமாக மாறிக் கண்பார்வையைப் பறிக்கும் என்பதையும் ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லலாம்.

தின்னர், பஞ்சர் ஒட்டும் பசை, ஒயிட்னர் முதலியவற்றை முகர்வதைப் பற்றி மட்டும் நான் வேறு வழியைக் கடைப்பிடிக்கிறேன். போதைப் பயன்பாடு குறித்து இந்திய அரசு நடத்தி 2019-இல் வெளியிட்ட நாடளாவிய கணக்கெடுப்பில், முகரும் பொருள்களின் பயன்பாடு பெரியவர்களிடம் 0.58 விழுக்காடாகவும், 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களிடம் 1.17 விழுக்காடாகவும் இருந்தது. பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்பட்ட ஒரே வகை இதுதான். முதல்முறை முகர்ந்தபோதே இதயம் நின்றுபோகக் கூடும் என்பதால் இது எளிய ஆபத்தும் அன்று. ஆயினும், இதில் போதை உண்டு என்று நாமே சொன்னால், வீட்டுச் சுவர்மாடத்தில் இருக்கும் டப்பாவைத் தேடிப்போகும் ஆவலைத்தான் தூண்டுவோம். "கடும் வாடையுள்ள பசையும் பெயிண்ட்டும் பெட்ரோலும் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் நஞ்சு, மூடிய அறையில் திறக்கக் கூடாது, மோந்து பார்க்கக் கூடாது" என்று பாதுகாப்புப் பாடமாகச் சொல்லி நிறுத்துங்கள். ஒரு பிள்ளையின் சட்டையில் அந்த வாடை அடிக்கடி வந்தால் தனியே அழைத்துப் பேசுங்கள்.

பெட்டியிலிருந்து வரும் கேள்விகளில் இரண்டுக்கு முன்கூட்டியே விடை வைத்திருக்க வேண்டும். "கெட்டதுன்னா கவர்மெண்ட்டே ஏன் விக்குது?" என்பது ஒன்று. மழுப்பாதீர்கள். "தமிழ்நாட்டில் 21 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும் சட்டம் அனுமதிக்கிறது, அனுமதி இருப்பதால் தீங்கில்லை என்று ஆகிவிடாது, இதைப் பற்றிப் பெரியவர்களிடையே பல ஆண்டுகளாக வாதம் நடக்கிறது, நீங்கள் வளர்ந்து அதில் பேசலாம்" என்று நேர்மையாகச் சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள். மற்றொன்று, "கருப்பசாமிக்குச் சாராயமும் சுருட்டும் வைக்கிறாங்களே?" என்பது. படையல் பெரியவர்களின் வழிபாட்டு வழக்கம், நம் பாடம் மனித உடலைப் பற்றியது என்று சொல்லி மேலே செல்லுங்கள். வகுப்பில் சாமியோடு வழக்காட வேண்டாம்.

ஆறாம் படி: மறுப்பதற்குப் பயிற்சி

பாடங்களிலேயே அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். "வேண்டாம் என்று உறுதியாகச் சொல்" என்ற அறிவுரை நம் பிள்ளைகளுக்குப் பயன்படாது; ஏனெனில் இந்த வயதில் அவர்களிடம் போதைப் பொருளை நீட்டுபவர் முன்பின் அறியாதவராக இருப்பது அரிது. சித்தப்பாவோ மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணனோதான். கல்யாண வீட்டின் பின்புறம் உட்கார்ந்து "ஒரு வாய் குடிச்சுப் பாருடா, ஆம்பளப் பயதானே" என்று டம்ளரை நீட்டுகிறார். அல்லது "தம்பி, ஓடிப்போய் ஒரு சிகரெட் வாங்கிட்டு வா, மீதிக் காசு உனக்கு" என்கிறார். பெரியவர் சொல்லைத் தட்டக் கூடாது என்று நாம்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம். அதே பிள்ளையிடம் இப்போது மறுத்துப் பேசச் சொல்கிறோம். மரியாதை குறையாமல் மறுக்கும் வழியை நாம் காட்டினால்தான் அது சொல்லும்.

எனவே பழியை ஆசிரியர்மேல் போடக் கற்றுக்கொடுங்கள். "டீச்சர் திட்டுவாங்க மாமா", "கடையில சின்னப் பசங்களுக்குத் தரக்கூடாதுன்னு சட்டம் இருக்காம் சித்தப்பா", "அம்மா கூப்பிடுறாங்க, வர்றேன்" என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டே இடத்தை விட்டு நகர வேண்டும். வாய் பேசி முடிப்பதற்குள் கால் நகர்ந்திருக்க வேண்டும் என்பதை இருவர் இருவராக நிறுத்தி, எழுந்து நின்று, உண்மையாகவே நடந்து பார்க்கச் செய்யுங்கள். நீட்டுபவராக ஆசிரியரே நடிக்க வேண்டும். பிள்ளைகள் அந்த வேடத்தை ஏற்றால் அதைத்தான் பழகுவார்கள்.

ஒரு விலக்கு உண்டு. பெற்ற அப்பாவே கடைக்கு அனுப்பும்போது மறுத்தால் சில வீடுகளில் அடி விழும். அந்தப் பிள்ளைக்கு மறுக்கும் பயிற்சி கொடுப்பது அடி வாங்கிக்கொடுப்பதற்குச் சமம். "போகாதே" என்று சொல்லாமல், "அப்பா அனுப்பினால் போய்விட்டு வா, ஆனால் எனக்குச் சொல்" என்று சொல்லுங்கள். 18 வயது நிறையாதவருக்குப் புகையிலைப் பொருளை விற்பதையும், கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், விற்பதையும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மருத்துவர் சொல்லாமல் ஒரு குழந்தைக்கு மதுவோ புகையிலையோ போதைப் பொருளோ கொடுப்பவருக்கு 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடைக்காரரைத் தட்டிக் கேட்பது பள்ளியின் வேலை, பிள்ளையின் வேலையன்று. அந்தக் கடை வகுப்பிலுள்ள ஒரு பிள்ளையின் பெரியப்பாவுடையதாகவும் இருக்கும் என்பதால், தலைமையாசிரியர் வழியாகவே நடப்பது நல்லது.

இதோடு சேர்த்து, போதை என்ற சொல்லே வராத ஒரு பயிற்சியையும் சொல்லியாக வேண்டும். 1969-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு நான்காம் வகுப்பில் தோன்றிய நன்னடத்தை விளையாட்டில், வகுப்பைச் சில குழுக்களாகப் பிரித்து, மூன்று நான்கு விதிகளைக் கூறி, குறித்த நேரத்துக்குள் நான்குக்கு மேல் மீறல் இல்லாத குழுக்கள் எல்லாம் வென்றதாக அறிவிப்பார்கள். 1980-களில் பால்டிமோர் நகரில் ஒன்றாம் வகுப்பில் இதை விளையாடிய பிள்ளைகளை 19 முதல் 21 வயது வரை பின்தொடர்ந்து பார்த்ததில், முரட்டுத்தனம் மிகுந்திருந்த சிறுவர்களிடையே பின்னாளில் போதைப் பிரச்சினைகள் குறைந்திருந்தன. ஆறு வயதில் பத்து நிமிடம் தன்னை அடக்கிக்கொள்ளப் பழகியது இருபது வயதில் உதவியிருக்கிறது. இதற்குச் செலவு எதுவும் இல்லை. நாளைக் காலையிலேயே பத்து நிமிடம் தொடங்கிவிடலாம்.

ஏழாம் படி: ஒரு பிள்ளை வாய் திறக்கும்போது

பாடத்தை நன்றாக நடத்தினால், ஒரு பிள்ளையாவது உங்களிடம் வந்து ஏதாவது சொல்லும். பெரும்பாலும் மணி அடித்தபின், மற்றவர்கள் போனபின், பையை மாட்டிக்கொண்டே சொல்லும். அந்த நேரத்துக்கு ஆயத்தமில்லாமல் இந்தப் பாடத்தைத் தொடங்கக் கூடாது. நின்று கேளுங்கள், வியப்போ அருவருப்போ முகத்தில் காட்டாதீர்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள். "என்கிட்டச் சொன்னது நல்லதும்மா. அப்பா குடிக்கிறது உன்னால இல்ல. நீ நல்லாப் படிச்சாலும் படிக்கலன்னாலும் அது மாறாது. அதை நிறுத்துறது உன் வேலையும் இல்ல" என்ற கருத்தைப் பிள்ளையின் மொழியில் சொல்லுங்கள். தான் முதல் மதிப்பெண் வாங்கினால் அப்பா குடியை விட்டுவிடுவார் என்று நம்பிப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. அந்தச் சுமையை இறக்கி வைப்பது பெரிய உதவி. அப்பாவை நேசிப்பதும் அவர் குடிக்கும்போது அஞ்சுவதும் ஒரே மனத்தில் இருக்கலாம், தவறில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம். அடி, பட்டினி, இரவில் வீட்டைவிட்டு வெளியே நிற்பது போன்றவை தெரியவந்தால், பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதிவைத்து அன்றே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் எண்ணை ஆசிரியர் அறையில் ஒட்டி வையுங்கள். இரவில் வீட்டில் சண்டை வந்தால் எந்த வீட்டுக்கு ஓடலாம், யாரை எழுப்பலாம் என்பதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

மாலையில் அப்பா குடித்துவிட்டு வண்டியில் வந்து அழைக்கும்போது என்ன செய்வது என்பதையும் பள்ளி முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். ஏறமாட்டேன் என்று எட்டு வயதுப் பிள்ளை சொல்ல முடியாது. "கொஞ்சம் எழுத்து வேலை இருக்குங்க, அம்மாவ வரச் சொல்லியிருக்கேன்" என்று ஆசிரியர்தான் பிள்ளையை நிறுத்தி வைத்து, வீட்டில் வேறொருவரை அழைக்க வேண்டும். வாசலில் நின்று அவரோடு வாதிட்டால் அந்தக் கோபம் வீட்டில் பிள்ளைமேல் இறங்கும்.

எட்டாம் படி: பெற்றோர்

பெற்றோர் கூட்டத்தில் குடிப்பழக்கத்தைக் கண்டித்துப் பேசினால், குடிக்கும் அப்பாக்கள் வந்திருக்கமாட்டார்கள், வந்திருக்கும் அம்மாக்கள் தலைகுனிவார்கள். அதற்குப் பதிலாக, பிள்ளைகளின் பாதுகாப்பு என்ற தலைப்பில் மூன்று வேண்டுகோள்களை வைக்கலாம்: மதுவையும் மருந்தையும் பிள்ளை கைக்கெட்டாமல், அதனதன் பாட்டிலிலேயே வைப்பது; மதுவோ சிகரெட்டோ வாங்கக் கடைக்குப் பிள்ளையை அனுப்பாமலிருப்பது; வேடிக்கைக்காகக்கூடப் பிள்ளைக்கு ஊட்டாமலிருப்பது. இம்மூன்றையும் குடிப்பவராலும் செய்ய முடியும், அதனால் கேட்பார்.

நிறுத்த விரும்புகிறேன் என்று யாராவது தனியே வந்து சொன்னால், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வழிகாட்டுங்கள். 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணையும் கொடுங்கள். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென்று தானாகவே நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், "நாளையிலிருந்தே விட்டுவிடுங்கள்" என்று ஊக்கப்படுத்திவிட்டு அனுப்ப வேண்டாம். மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: ஆண்டு முழுவதும்

ஒரு நாள் பாடத்தால் எதுவும் நிலைக்காது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஆறேழு பாடவேளைகள் போதுமானவை. மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்து, அறிவியலிலும் உடற்கல்வியிலும் சேர்த்துவிடலாம். தேர்வு வைக்க வேண்டாம். இரண்டு மாதம் கழித்து அதே குளிர்பான பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் நின்று பாருங்கள், "யார் வெச்சது டீச்சர்?" என்று எத்தனை பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பதே மதிப்பீடு.

கேள்விப் பெட்டியில் வந்த தாள்களை எரித்துவிடுங்கள், ஆனால் கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழோடு வேறு பள்ளிக்குப் போகும்போது, அங்குள்ள ஆறாம் வகுப்பு ஆசிரியரை ஒருமுறை நேரில் பார்த்து, பெயர் எதுவும் சொல்லாமல், அந்த நோட்டைக் காட்டிவிட்டு வாருங்கள். பொட்டலத்தோடு வாசலில் நிற்கும் அண்ணன்களை அந்தப் பிள்ளைகள் நாள்தோறும் கடக்கப்போவது அந்தப் பள்ளியில்தான்.